பேலன்ஸ் டெஸ்ட் எடுத்தால் தலைசுற்றலுக்குக் காரணம் தெரிந்துவிடுமா?

கேள்வியின் சுருக்கம்: அம்மாவுக்கு 58 வயது. நாலு மாதத்துக்கு முன் ஒரு காலையில் திடீரென்று தலைசுற்றி வாந்தி. மூன்று நாள் எழுந்திருக்கவே முடியவில்லை, டிரிப்ஸ் ஏற்றினார்கள். அது அடங்கியபின் நடக்கும்போது இடப்பக்கம் இழுப்பது போல் இருக்கிறது. ஒரு மாதமாகப் படுக்கையில் புரண்டாலும் சுற்றுகிறது. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று ஒருவர் காலர் போட்டுவிட்டார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஒன்றுமில்லை. இப்போது காது மூக்கு தொண்டை மருத்துவர் வி.என்.ஜி., விஹிட், வெம்ப் என்று மூன்று டெஸ்ட் எழுதியிருக்கிறார். காதில் சூடுதண்ணி விடுவார்கள் என்று யாரோ சொல்ல, அம்மா வரவே மாட்டேன் என்கிறார். டெஸ்ட் தேவையா? எடுத்தால் காரணம் தெரியுமா?

அம்மா பயப்படுகிற அந்தச் சூடுதண்ணியை விடுகிற ஆள் நான்தான். ஆடியாலஜிஸ்ட், பதினான்கு வருடமாக இதே வேலை. அதனால் டெஸ்டை விற்க வந்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த டெஸ்ட்கள் எந்தக் காதில் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும். நோயின் பெயரைச் சொல்லாது. பெயர் முக்கால்வாசி நோயாளியின் வாயிலிருந்துதான் வரும். நீங்கள் எழுதிய நாலைந்து வரியிலேயே அம்மாவின் கதை பாதி வந்துவிட்டது.

கதையை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், தமிழில் 'மயக்கம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறோம். எழுந்து நின்றதும் கண் இருட்டுவது மயக்கம். அறையே ராட்டினம் மாதிரி சுற்றுவதும் மயக்கம். நடக்கும்போது தள்ளாடினாலும், தலை மந்தமாகக் கனத்தாலும் அதே மயக்கம். கூடவே 'பித்தம்' என்ற தீர்ப்பும் கையில் தயாராக இருக்கும். ஆனால் கண் இருட்டுகிறவருக்குப் பார்க்க வேண்டியது காதை அல்ல, ரத்த அழுத்தத்தை. படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை அளந்து, மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் விஷயம் அங்கே இருக்கிறது. அப்படிப்பட்டவரை என் கட்டிலில் படுக்கவைத்து ஒரு மணி நேரம் டெஸ்ட் செய்தால் எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வரும். அவர் அடுத்த நாளும் பாத்ரூமில் விழுவார்.

அதனால் முதல் பத்து நிமிடம் நான் எந்தக் கருவியையும் தொடுவதில்லை. சுற்றுகிறதா, இருட்டுகிறதா, ஆடுகிறதா? எதைச் செய்தால் வருகிறது? ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "நாள் பூரா சுத்துதுங்க" என்றுதான் பதில் வரும். விடாமல் "இந்த ஃபேன் மாதிரி சுத்துறது எவ்வளவு நேரம்?" என்று கேட்டால், "அது ஒரு பத்து செகண்ட் இருக்கும். அப்புறம் நாள் பூரா ஒரு மாதிரியா இருக்கும்" என்பார்கள். அந்தப் பத்து செகண்டில்தான் நோய் இருக்கிறது. புரண்டு படுத்தால் சில நொடிகள் சுற்றி நிற்பது ஒரு வகை. காது அடைத்து, இரைச்சலோடு இருபது நிமிடத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை சுற்றி, கேட்கும் திறனும் ஏறி இறங்கினால் மெனியர் நோயை நினைக்க வேண்டும். வெளிச்சமும் சத்தமும் ஆகாமல், பழைய ஒற்றைத் தலைவலிக்காரருக்கு ஐந்து நிமிடமோ மூன்று நாளோ வந்து போவது மைக்ரேன் தலைசுற்றல். ஒரே தடவையாக வந்து நாள்கணக்கில் விடாமல் சுற்றினால் உள்காது நரம்பில் அழற்சி, அல்லது மூளையில் பக்கவாதம். இந்த இரண்டையும் பிரித்தறிவது உயிர்ப் பிரச்சினை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அம்மாவின் கதை. மூன்று நாள் விடாத சுற்றல், பிறகு ஒருபக்க இழுப்பு, மூன்று மாதம் கழித்துப் படுக்கையில் புரண்டால் சுற்றல். இது ஒரு நோயாக இருக்காது, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சந்தேகம் இருப்பதால்தான் டெஸ்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு எடுக்கிற டெஸ்ட் வேறு, "தலைசுற்றல் பேக்கேஜ்" என்று மொத்தமாக விற்கிற டெஸ்ட் வேறு.

முதலில் செய்ய வேண்டியது மூன்று டெஸ்டும் இல்லை. கருவியே தேவைப்படாத ஒன்று: டிக்ஸ்-ஹால்பைக். 1952இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்ற இருவர் விவரித்தது. கட்டிலில் நீட்டி உட்காரவைத்து, தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, அப்படியே சட்டென்று பின்னால் சாய்த்து, தலை கட்டிலின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தொங்கும்படி பிடித்துக்கொண்டு கண்ணைப் பார்ப்பது. இரண்டு மூன்று நொடி ஒன்றும் இருக்காது. பிறகு விழி மேல்நோக்கித் துள்ளிக்கொண்டே கீழிருக்கும் காதுப் பக்கமாகத் திருகும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். இதைப் பார்த்துவிட்டால் நோய் பிடிபட்டது: யூட்ரிக்கிள் என்ற பையில் ஒட்டியிருக்க வேண்டிய கால்சியம் துகள்கள் கழன்று பின்பக்க அரைவட்டக் குழாய்க்குள் உருண்டுகொண்டிருக்கின்றன. மருத்துவர்கள் இதை பி.பி.பி.வி. என்பார்கள். அதே கட்டிலில், அதே உட்காரலில், ஜான் எப்லி 1992இல் வெளியிட்ட முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடலாம். ஒன்றிரண்டு தடவையிலேயே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். பின்பக்கக் குழாயில் இல்லாவிட்டால் மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையை இடமும் வலமும் உருட்டிப் பார்த்தால் பக்கவாட்டுக் குழாய் மாட்டும்.

இவ்வளவு தெளிவாகப் பி.பி.பி.வி. என்று தெரிந்து, வேறு எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு ஸ்கேனோ பேலன்ஸ் டெஸ்டோ தேவையில்லை என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி நேராகவே சொல்கிறது. எனக்கு வேலை கொடுப்பதே இந்த டெஸ்ட்தான். ஆனாலும் சொல்கிறேன், பத்து நிமிடத்தில் கட்டிலிலேயே முடிகிற வேலைக்குக் கழுத்து எக்ஸ்ரே, மூளை ஸ்கேன், பிறகு என் அறை என்று மாதக்கணக்கில் அலைகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். காலரோடு வருகிறவர்கள் தனி வரிசை. ஐம்பதைத் தாண்டிய யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் கழுத்தெலும்பில் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அது தெரிவதும் தலை சுற்றுவதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமலே ஒரே ஆளிடம் இருக்கலாம்.

ஆனால் அம்மாவுக்குப் பி.பி.பி.வி. மட்டும் இல்லை. அந்த மூன்று நாளும் இடப்பக்க இழுப்பும் அதில் அடங்காது. அங்கேதான் கருவிகள் வருகின்றன.

ஒவ்வொரு உள்காதிலும் ஐந்து உணரிகள். தலை திரும்புவதை அறிய மூன்று அரைவட்டக் குழாய்கள், நேர்கோட்டு அசைவையும் புவியீர்ப்பையும் அறிய யூட்ரிக்கிள், சாக்யூல் என்று இரண்டு பைகள். அவற்றிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு மேல்கிளை, கீழ்கிளை என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பக்கவாட்டுக் குழாய், முன்குழாய், யூட்ரிக்கிள் மூன்றும் மேல்கிளையில். பின்குழாயும் சாக்யூலின் பெரும்பகுதியும் கீழ்கிளையில். இந்தக் காதுகளின் முக்கிய வேலை, தலை அசையும்போது கண்ணைப் பார்த்த இடத்திலேயே நிறுத்திவைப்பது. தலை வலப்பக்கம் திரும்பினால் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் கண் இடப்பக்கம் திரும்பியாக வேண்டும். அதனால்தான் காதைச் சோதிக்க நாங்கள் கண்ணைப் பார்க்கிறோம். 'காது டெஸ்ட் என்று சொல்லிவிட்டு ஏன் கண்ணில் கண்ணாடி மாட்டுகிறீர்கள்' என்று கேட்காத நோயாளி இல்லை.

வி.என்.ஜி. என்பது இருட்டுக் கண்ணாடிக்குள் அகச்சிவப்புக் கேமரா வைத்து விழியைப் படமெடுப்பது. இருட்டு எதற்கென்றால், காது சம்பந்தப்பட்ட விழித்துள்ளலை வெளிச்சத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தே மனிதர் அடக்கிவிடுவார். முதலில் ஓடுகிற புள்ளியைத் துரத்தச் சொல்வோம், தாவுகிற புள்ளிக்குத் தாவச் சொல்வோம். இவை காதைப் பற்றியவை அல்ல, மூளை, சிறுமூளை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பவை. இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். கடைசியில் வருவதுதான் அம்மா பயப்படுகிற கெலோரிக்.

இதன் கதை சுவையானது. வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற இளம் மருத்துவர் காதைத் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். நோயாளிகளுக்குத் தலைசுற்றியது, கண் துள்ளியது. ஒருவர் தண்ணீர் ரொம்பக் குளிர்ச்சி, அதனால்தான் சுற்றுகிறது என்றார். அடுத்த முறை வெந்நீர் விட்டார். அப்போதும் சுற்றியது, ஆனால் கண் எதிர்ப்பக்கம் துள்ளியது. உடல் சூட்டில் இருக்கும் தண்ணீருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. குளித்துவிட்டு வெந்நீர் அண்டாவைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். காதின் பக்கவாட்டுக் குழாயில் இருக்கும் திரவமும் அப்படியே நகர்கிறது, தலை அசையாமலே மூளைக்குத் தலை திரும்புவதாகச் செய்தி போகிறது. இதற்கு 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது பாரனி ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

இப்போது நாங்கள் செய்வது ஃபிட்ஸ்ஜெரால்டும் அதே ஹால்பைக்கும் 1942இல் வகுத்த முறை. மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையை 30 டிகிரி உயர்த்துவோம். உடல் வெப்பமான 37க்கு ஏழு டிகிரி மேலே, ஏழு டிகிரி கீழே: 44 டிகிரி, 30 டிகிரி. அம்மாவிடம் சொல்லுங்கள், 44 என்பது குளிக்கிற வெந்நீர்ச் சூடுதான். அரை நிமிடம் ஒரு காதில் விடுவோம். தண்ணீர் காதுத்துவாரத்தைத் தாண்டி உள்ளே போகாது, வழிந்து கிண்ணத்தில் விழும். பல இடங்களில் தண்ணீருக்குப் பதில் சூடான, குளிர்ந்த காற்றையே விடுகிறார்கள். இரண்டு காது, இரண்டு வெப்பம், ஆக நாலு தடவை. நடுவில் ஐந்தைந்து நிமிடம் ஓய்வு.

அந்த நேரத்தில் அறையில் நடப்பது வேடிக்கையாக இருக்கும். நோயாளி சும்மா படுத்திருந்தால் மூளை துள்ளலை அடக்கப் பார்க்கும், கண் சொருகும். அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஊர்ப்பெயர் கேட்பேன். "மதுரையில பஸ் ஏறிட்டீங்க, திருநெல்வேலி வரைக்கும் ஊருங்களைச் சொல்லிட்டே வாங்க." "திருமங்கலம்... விருதுநகர்..." என்று நிதானமாக ஆரம்பிப்பார். சாத்தூர் வரும்போது குரல் மாறும். "ஐயோ, கட்டில் சாயுதே." திரையில் விழி மெதுவாக ஒரு பக்கம் நகரும், வெடுக்கென்று திரும்பும், மறுபடி நகரும்; ஓடும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கிறவரின் கண் மாதிரி. "கட்டில் அங்கேயேதான் இருக்கு, நான் பிடிச்சிருக்கேன், சாத்தூருக்கு அடுத்து என்ன?" "கோ... கோவில்பட்டி." கோவில்பட்டி தாண்டும்போது கண்ணாடிக்குள் ஒரு சின்ன விளக்கைப் போட்டு அதைப் பார்க்கச் சொல்வேன். துள்ளல் நன்றாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் கோளாறு காதில் இல்லை, சிறுமூளைப் பக்கம் தேட வேண்டும். அடுத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். சிலருக்குக் குமட்டும், வாந்தி எடுப்பவர் குறைவு. அந்தச் சுற்றல் வருவது அவரது காது வேலை செய்கிறது என்பதற்கான சாட்சி. ஒரு பக்கம் எதுவுமே வராவிட்டால்தான் எனக்குக் கவலை.

கணக்கு எளிது. விழி நகரும் வேகத்தை நொடிக்கு எத்தனை டிகிரி என்று அளப்போம். வலது காதில் வெந்நீருக்கு 22, குளிர்நீருக்கு 20, மொத்தம் 42. இடதில் 8ம் 6ம், மொத்தம் 14. இரண்டுக்கும் வித்தியாசம் 28. எல்லாவற்றின் கூட்டுத்தொகை 56. ஆக இடப்பக்கம் 50 சதவீதம் பலவீனம். ஒவ்வொரு மையமும் தன் வரம்பை வைத்திருக்கும்; பெரும்பாலும் 20 முதல் 25 சதவீதத்துக்கு மேல் போனால்தான் கணக்கில் எடுப்பார்கள். 17 சதவீதம் என்று வந்ததை வைத்துக்கொண்டு 'காது நரம்பு பலவீனம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இங்கே ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒருவருக்கு இடதில் 40 சதவீதம் பலவீனம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் போகும்போது, "இந்தக் காதுல தண்ணி விட்டப்ப அவ்வளவா சூடே தெரியலைம்மா" என்றார். அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் அவரைத் திரும்ப வரச்சொல்லிக் காதைப் பார்த்தால், குறும்பி ஓரமாகச் சுவர் கட்டியிருந்தது. எடுத்துவிட்டு மறுபடி செய்தேன், இரண்டு காதும் சமம். அன்றிலிருந்து காதுக்குள் பார்க்காமல் குழாயைக் கையில் எடுத்ததில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் விடவே கூடாது. காற்று விட்டாலும் ஈரக் காது ஆவியாகிக் குளிர்ந்து, வெப்பக் காற்றுக்கே எதிர்ப்பக்கத் துள்ளல் காட்டி ஏமாற்றும்.

கெலோரிக் சோதிப்பது பக்கவாட்டுக் குழாயை மட்டும். அதுவும் நிஜ வாழ்க்கையில் தலை திரும்புவதைவிடப் பல மடங்கு மெதுவான ஒரு தூண்டலில். விஹிட் நேர்மாறு. 1988இல் சிட்னியில் ஹால்மாகியும் கர்தாய்ஸும் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்துச் சொன்னார்கள்: சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, தலையை எதிர்பாராமல் வெடுக்கென்று பத்து இருபது டிகிரி திருப்பினால், காது கெட்டிருக்கும் பக்கமாகத் திருப்பும்போது கண் தலையோடு சேர்ந்து போய்விடும், பிறகு தாவித் திரும்பும். அந்தத் தாவல் சில சமயம் தலை அசைந்துகொண்டிருக்கும்போதே நடந்து முடிந்துவிடும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் வேகக் கேமரா வைத்த லேசான கண்ணாடி. பத்து நிமிட வேலை, சுற்றல் வராது, தண்ணீர் கிடையாது, ஆறு குழாய்களையும் தனித்தனியாகப் பார்க்கலாம். தலை அசைந்த வேகத்துக்குக் கண் எவ்வளவு ஈடு கொடுத்தது என்பதுதான் 'கெயின்'. 1க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. பக்கவாட்டுக் குழாய்க்கு 0.8க்குக் கீழே போய், கூடவே தாவலும் தெரிந்தால் கோளாறு. 1.4 என்று வந்தால் அம்மாவின் காது ஊரில் எல்லோரையும்விட நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் கண்ணாடி நழுவியிருக்கும். எண்ணை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் போதாது, கோட்டுப்படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

விஹிட் இவ்வளவு சுலபம் என்றால் கெலோரிக் எதற்கு என்று கேட்கலாம். இரண்டும் ஒரே காதின் இரண்டு வேறு வேகங்களைக் கேட்கின்றன. பதில்கள் ஒத்துப்போகாமல் இருப்பதே சில சமயம் தடயம். கெலோரிக் பலவீனம், விஹிட் நார்மல் என்ற ஜோடி மெனியர் நோயில் அடிக்கடி வருகிறது. விஹிட் கெட்டிருந்தால் கெலோரிக்கைப் பல சமயம் தவிர்த்துவிடலாம், நான் அப்படித்தான் ஆரம்பிப்பேன். அம்மாவிடம் இதைச் சொல்லித்தான் அழைத்து வாருங்கள்: முதலில் விஹிட், அதில் விடை கிடைத்தால் தண்ணீர் தேவைப்படாமலே போகலாம். இதை மருத்துவரிடமும் கேளுங்கள், தவறில்லை.

வெம்ப் பைகளுக்கானது. கழுத்துத் தசையில் மின்வாய் ஒட்டி, தலையைத் தூக்கவோ திருப்பவோ சொல்லி, காதில் 'டக் டக்' என்று உரத்த ஒலி கொடுத்தால் சாக்யூலின் பதில் தசையில் தெரியும். கண்ணுக்குக் கீழே ஒட்டினால் யூட்ரிக்கிளின் பதில். கழுத்தில் எடுக்கிற வெம்ப்பும் 1990களில் சிட்னியில் பிறந்ததுதான். காதடைப்பு, சீழ் போன்ற நடுக்காதுக் கோளாறு இருந்தால் ஒலி உள்ளே போகாது, பதில் வராது. 60 வயதுக்கு மேல் ஒன்றுமில்லாமலே பதில் குறையும். அம்மா அந்த எல்லையில் நிற்கிறார், அதனால் இரண்டு பக்கமும் இல்லை என்று வந்தால் அதற்குப் பெரிய மதிப்புக் கொடுக்க மாட்டேன். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால் கொடுப்பேன். வெம்ப் நிஜமாகவே கலக்குகிற இடம் ஒன்று உண்டு: முன்குழாயின் எலும்புக்கூரையில் ஓட்டை விழுந்தவர்கள். 1998இல் லாயிட் மைனர் விவரித்த நோய். இவர்களுக்கு உரத்த சத்தம் கேட்டால் சுற்றும். சிலர் தங்கள் கண் உருள்வதே காதில் கேட்கிறது என்பார்கள். மனநோய் என்று அலைக்கழிக்கப்பட்டவர்கள் இதில் அதிகம். வெம்ப்பில் இவர்களுக்குப் பதில் மிகக் குறைந்த ஒலியிலேயே, பெரிதாக வரும்.

சுழல் நாற்காலி, ஆடும் மேடை என்று இன்னும் கருவிகள் உண்டு. குழந்தைகளுக்கும், இரண்டு காதும் கெட்டவர்களுக்கும் நாற்காலி பயன்படும். அம்மாவுக்குத் தேவைப்படாது.

இப்போது முடிச்சைப் போட்டுப் பார்க்கலாம். அழற்சி பெரும்பாலும் நரம்பின் மேல்கிளையைத்தான் தாக்கும். என் ஊகம் சரியானால் விஹிட்டில் இடது பக்கவாட்டுக் குழாயும் முன்குழாயும் குறைந்திருக்கும், பின்குழாய் நன்றாக இருக்கும். கண்ணுக்குக் கீழே எடுக்கிற வெம்ப்பில் இடது காதின் பதில் இருக்காது, கழுத்தில் எடுப்பது இருக்கும். அழற்சியில் அடிபட்ட யூட்ரிக்கிளிலிருந்து துகள் கழன்று, இன்னும் உயிரோடு இருக்கும் பின்குழாயில் விழுந்திருக்கும். அதனால் புரண்டால் சுற்றுகிறது. அப்படியானால் சிகிச்சை இரண்டு: எப்லி முறையால் துகளை நகர்த்துவது, மீதிக் காதை வைத்துக்கொண்டு மூளை பழகுவதற்குத் தலையசைவுப் பயிற்சி. கட்டைவிரலை முன்னால் நீட்டிப் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டு தலையை இடவலமாகத் திருப்புவது மாதிரியான பயிற்சிகள். தலை அசைய அசையத்தான் மூளை பழகும். காலர் அந்த அசைவைத்தான் தடுக்கிறது. நாலு மாதமாக சின்னரிசின், ஸ்டெமெடில் மாதிரி சுற்றல் மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தால், அதுவும் மூளையைப் பழகவிடாது. முதல் மூன்று நாளுக்கு அவை அருமையான மருந்துகள். மாதக்கணக்கில் போட்டால் வயதானவர்களுக்குக் கை நடுக்கம், உடல் இறுக்கம் வரை கொண்டுபோகும். மருத்துவரிடம் பேசி நிறுத்துங்கள்.

ஒரு குறை: மருந்துச்சீட்டில் மூன்று டெஸ்ட் இருக்கிறது, ஆடியோகிராம் இல்லை. கேட்கும் திறன் சோதனை இல்லாமல் தலைசுற்றலைப் பார்ப்பது அரைகுறை. தாழ்ந்த சுருதியில் கேட்பு குறைந்தால் மெனியரை நினைக்க வேண்டும். ஒரு காது மட்டும் காரணமில்லாமல் மந்தமானால் நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செலவும் இருப்பதிலேயே குறைவு. கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

அந்த முதல் மூன்று நாள் பற்றி, உங்களுக்குக் காலம் கடந்தது என்றாலும் படிக்கிற மற்றவர்களுக்காக. விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் தலையை வெடுக்கென்று திருப்பும் சோதனை ஒரு பக்கம் கெட்டதாக வந்தால் அது நிம்மதி, காது என்று அர்த்தம். நார்மலாக வந்தால் அபாயம், மூளையில் பக்கவாதமாக இருக்கலாம். கேட்கத் தலைகீழாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான். அதோடு, பார்வையைத் திருப்பும் பக்கத்துக்கேற்ப விழித்துள்ளலின் திசை மாறுகிறதா, ஒரு கண்ணை மூடித் திறந்தால் விழி மேலும் கீழும் நகர்கிறதா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறையை 2009இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். பயிற்சி உள்ளவர் செய்தால் முதல் இரண்டு நாளில் எடுத்த எம்.ஆர்.ஐ. தவறவிட்டதைக்கூட இது பிடிக்கிறது. வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதில்லை. சுற்றலோடு பேச்சு குழறினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, முகமோ கைகாலோ மரத்தாலோ, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாவிட்டாலோ, திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ பேலன்ஸ் டெஸ்டுக்கு அப்பாயின்ட்மென்ட் தேட வேண்டாம். 108ஐ அழையுங்கள்.

எல்லா டெஸ்டும் நார்மல் என்று வந்தால்? நடக்கிற காரியம்தான். மைக்ரேன் தலைசுற்றலில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். மூன்று மாதத்துக்கு மேல் கடைவீதியிலும் சூப்பர் மார்க்கெட் அலமாரிகளுக்கு நடுவிலும் ஆட்டமாகவே இருக்கிறவர்களுக்கும் அப்படி வரும். அதற்கும் பெயர் இருக்கிறது, சிகிச்சை இருக்கிறது. நார்மல் ரிப்போர்ட்டைக் காட்டி 'உங்களுக்கு ஒன்றுமில்லை, மனசுதான்' என்று அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

இதற்கு எதிர்முனையில் டெஸ்ட் இல்லாவிட்டால் கண்டேபிடிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். இரண்டு காதும் ஒன்றாகக் கெட்டவர்கள். இடது வலது வித்தியாசம் இல்லாததால் இவர்களுக்குச் சுற்றலே வராது. இருட்டில் தள்ளாட்டம், நடந்தால் எதிரே இருக்கும் கடைப் பலகை குதிக்கும், நின்றால் நின்றுவிடும். டிபிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் போட்டவர்கள், சிறுநீரகக் கோளாறோடு ஜென்டாமைசின் ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஸ்ட்ரெப்டோமைசினால் இப்படி ஆன ஒரு மருத்துவரே 1952இல் தன் கதையை மருத்துவ இதழில் எழுதினார்: படுத்துப் படிக்க வேண்டுமானால் கட்டிலின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே தலையை அழுத்தி நிறுத்த வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் நாடித்துடிப்புக்கே எழுத்துகள் ஆடின. இவர்களுக்குக் கெலோரிக்கின் சதவீதக் கணக்கு பூஜ்யம் காட்டும், இரண்டும் சமமாகக் கெட்டிருப்பதால். நாலு எண்களையும் தனித்தனியாகப் பார்க்கிறவர்தான் கண்டுபிடிப்பார்.

அம்மா வரச் சம்மதித்தால்: சுற்றல் மாத்திரை, தூக்க மாத்திரை, சளி மாத்திரை இவற்றை 48 மணி நேரத்துக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், வலிப்பு மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். தினமும் தூக்க மாத்திரை போடுகிறவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி போதும். வெறும் வயிற்றோடும் வர வேண்டாம். கண்மை வைக்கக் கூடாது, முந்தின நாள் வைத்ததும் இமையோரம் ஒட்டியிருக்கும். கேமரா கருவிழியை விட்டுவிட்டு மையைத் துரத்திக்கொண்டு ஓடும். கழுத்தில் நிஜமான பிரச்சினை, கண் ஆபரேஷன் ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். திரும்பும்போது பைக் வேண்டாம், ஆட்டோவில் கூட ஒருவர் இருக்கட்டும்.

அதற்கு முன் இன்று ராத்திரி ஒரு வேலை. அம்மா படுத்ததும், எந்தப் பக்கம் புரண்டால் சுற்றுகிறது, எத்தனை எண்ணுவதற்குள் நிற்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்து எழுதுங்கள். அந்தச் சீட்டோடு வந்தால் எந்தப் பக்கத்தை முதலில் சாய்ப்பது என்று எனக்குத் தெரிந்துவிடும்.